கன்று தப்பியிருந்தால்?

2014 மார்ச் மாதம் நானும் என் மனைவியும் சிட்னியில் மகள் வீட்டில் இருந்தோம். 24ஆம் தேதி, திங்கட்கிழமை இரவு. மாப்பிள்ளை வேலை முடிந்து வந்து தொலைக்காட்சியைப் போட்டார். மெல்பர்ன் ஸ்டார்ம் அணிக்கும் நியூகாசில் நைட்ஸ் அணிக்கும் ரக்பி லீக் ஆட்டம்.

"மாமா, உங்களுக்கு இது போரடிக்கும். கிரிக்கெட் ஏதாவது இருக்கான்னு பார்க்கவா?" என்றார்.

"வேண்டாம் மாப்பிள்ளை. இது பதிமூணு பேர் ஆடுற ரக்பிதானே? நான் சேன்கியேம் படிக்கும்போதே இதைப் பத்திக் கேட்டிருக்கேன்" என்றேன். அவருக்கு ஆச்சரியம். பிரெஞ்சு வழியில் வகுப்புகளுக்குத் தலைகீழ் எண்ணிக்கை. சேன்கியேம் என்றால் நம் ஏழாம் வகுப்பு.

புதுச்சேரியில் எங்களுக்குப் பாடம் எடுத்த ஒரு முசியே தென் பிரான்சுக்காரர், கர்கசோன் பக்கம். மழை பெய்து மைதானத்துக்குப் போக முடியாத நாட்களில் ரக்பி கதை சொல்வார். ரக்பி இரண்டு வகை. பதினைந்து பேர் ஆடுவது ஒன்று, பதிமூன்று பேர் ஆடுவது இன்னொன்று. 1895இல் வட இங்கிலாந்தின் கிளப்புகள் ஹடர்ஸ்ஃபீல்டு நகரில் ஒரு ஓட்டலில் கூடித் தனியே பிரிந்தன. சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்த ஆட்டக்காரர்கள் ஆட்டத்துக்காக இழந்த கூலியை ஈடுகட்ட வேண்டும் என்பதுதான் சண்டை. அந்தப் பிரிவிலிருந்து வளர்ந்தது ரக்பி லீக். பிரான்சுக்கு அது 1934இல் வந்தது, ஜான் கலியா என்பவரின் முயற்சியால். நன்றாக வளர்ந்துகொண்டிருந்தபோது, 1941 டிசம்பரில் விஷி அரசு ஓர் ஆணை போட்டு அந்தச் சங்கத்தையே கலைத்துவிட்டது. சொத்துகளும் பறிபோயின. போருக்குப் பிறகு ஆட்டம் மீண்டும் வந்தது, ஆனால் 'ரக்பி' என்ற பெயரைப் பயன்படுத்தக் கூடாது. 'பதிமூவர் ஆட்டம்' என்றுதான் சொல்லிக்கொள்ள வேண்டும். 1990களில்தான் பெயர் திரும்பக் கிடைத்தது. "எந்தத் தப்பும் செய்யாமல் ஓர் ஆட்டமே தண்டனை வாங்கியது, பிள்ளைகளே" என்பார் முசியே.

அந்தக் கதையை மாப்பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டே ஆட்டத்தைப் பார்த்தேன். இடைவேளைக்குச் சற்று முன்பு அது நடந்தது.

நியூகாசில் அணியின் அலெக்ஸ் மெக்கின்னன் பந்தோடு ஓடி வந்தார். வயது 22. மெல்பர்ன் வீரர்கள் மூன்று பேர் அவரைப் பிடித்தார்கள். இருவர் மேலே பிடித்திருக்க, ஜோர்டன் மெக்லீன் காலைத் தூக்கினார். மெக்கின்னனின் உடல் காற்றில் தலைகீழாகப் புரண்டு, தலையும் கழுத்தும் முதலில் தரையில் பட்டன. எழுந்திருக்கவில்லை. கழுத்தில் நாலாவது, ஐந்தாவது முள்ளெலும்புகள் முறிந்துவிட்டன என்று பிறகு தெரிந்தது. அவர் அதற்குப் பின் ஆடவேயில்லை. சக்கர நாற்காலிதான்.

எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை. சமையலறையிலிருந்து வந்த மகள் திரையைப் பார்த்துவிட்டு, பேரனைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஆஸ்திரேலிய ரக்பி லீக்கில் 'ஜுடிஷியரி' என்று ஒரு விசாரணை மன்றம் உண்டு. சட்டம் தெரிந்த ஒருவர் தலைமை, தீர்ப்புச் சொல்ல முன்னாள் வீரர்கள். சாதாரணக் குற்றங்களுக்கு அட்டவணையைப் பார்த்துத் தண்டனை. பெரிய விஷயமானால் நேரே மன்றத்துக்கு. மெக்லீன் விவகாரம் நேரே போனது. 'ஆபத்தான முறையில் தூக்கி எறிதல்' என்பது குற்றச்சாட்டு. அவர் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. மன்றம் குற்றவாளி என்று சொல்லி ஏழு ஆட்டங்களுக்குத் தடை விதித்தது. மற்ற இருவர் மீது குற்றச்சாட்டே இல்லை.

செய்தி வந்த அன்று சாப்பாட்டு மேஜையில் வாக்குவாதம்.

"ஒருத்தர் வாழ்க்கையே போச்சு. ஏழு மேட்ச்தானா?" என்றாள் மகள்.

"வேணும்னு செஞ்சிருந்தா சரி. இந்த மாதிரித் தூக்கறது வாரா வாரம் நடக்குது. அந்த மனுஷன் எழுந்து நடந்திருந்தா இந்தப் பையனுக்கு ஒண்ணு ரெண்டு மேட்ச்தான் கொடுத்திருப்பாங்க" என்றார் மாப்பிள்ளை.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். முப்பது வருடத்துக்கு மேல் கோப்பு எழுதியவன், ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நான் மோரை ஊற்றிக்கொண்டு சும்மா இருந்தேன். ஏன் சும்மா இருந்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் விதி என்ன சொல்கிறது என்று பார்ப்போம். பழைய குமாஸ்தா புத்தி, விதியிலிருந்துதான் தொடங்கும். ஒரு வீரரைத் தூக்கும்போது அவரது தலையோ கழுத்தோ முதலில் தரையில் படக்கூடிய நிலை ஏற்பட்டால் அது ஆபத்தான எறிதல். நியாயமான கவனம் எடுத்திருந்தாலும் தவிர்த்திருக்க முடியாது என்றால் மட்டும் விலக்கு. சாரம் இவ்வளவுதான். இதில் காயம் என்ற பேச்சே இல்லை. ஆபத்தான நிலையில் வைத்தாயா, கவனமாக இருந்தாயா என்ற இரண்டு கேள்விகள்தான். விழுந்தவர் தூசி தட்டிக்கொண்டு எழுந்தாலும் குற்றம் குற்றமே.

விதி அப்படி. ஆனால் தண்டனையின் வரலாறு வேறு மாதிரி ஓடியிருக்கிறது.

1980களின் தொடக்கத்தில் சிட்னியில் இந்த ஆட்டம் அடிதடிக்குப் பேர் போனது. ஜிம் கோமன்ஸ் என்ற வழக்கறிஞர் மன்றத் தலைவராக இருந்து நீண்ட தடைகளைக் கொடுத்தார். 1983இல் லெஸ் பாய்ட் என்ற வீரர் முழங்கையால் அடித்து டாரில் புரோமன் என்பவரின் தாடை உடைந்தது. தடை பன்னிரண்டு மாதம். ஆட்டம் திருந்தத்தான் செய்தது. ஆனால் தலைவர் மாறினால் தண்டனை மாறும் என்ற நிலை எத்தனை நாள் நிற்கும்? பின்னாளில் புள்ளி முறை வந்தது. குற்றத்துக்குத் தரம், தரத்துக்குப் புள்ளி, நூறு புள்ளிக்கு ஓர் ஆட்டத் தடை. பழைய குற்றம் இருந்தால் கூடுதல். சீக்கிரம் ஒப்புக்கொண்டால் கால்பங்கு தள்ளுபடி. மிச்சப் புள்ளிகள் பற்றுவரவுபோலக் கணக்கில் நிற்கும். 2022இல் இதையும் மாற்றி, சிறிய குற்றங்களுக்கு அபராதம், பெரியவற்றுக்கு ஆட்டக் கணக்கில் தடை என்று ஆக்கினார்கள்.

கழுத்தில் விழவைக்கும் டாக்கிளும் மெக்கின்னனோடு தொடங்கியதல்ல. 2000ஆம் ஆண்டு வெஸ்ட்ஸ் டைகர்ஸ் அணியின் ஜாரட் மெக்ராக்கனை மெல்பர்ன் வீரர்கள் இருவர் இதேபோலத் தூக்கிப் போட்டார்கள். அவரது ஆட்ட வாழ்க்கை அதோடு முடிந்தது. அவர் மெல்பர்ன் கிளப் மீது வழக்குப் போட்டார். 2005இல் நியூ சவுத் வேல்ஸ் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. வீரர்களுக்கு மன்றத்தின் தடை ஒரு பக்கம், காயத்துக்கு நீதிமன்றத்தின் ஈடு இன்னொரு பக்கம். இந்தப் பிரிவை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

பதினைந்து பேர் ரக்பியிலும் இதே சிக்கல்தான். எனக்குத் தெரிந்த இரண்டு சம்பவங்களை அடுத்தடுத்து வைக்கிறேன். 2005 ஜூனில் கிறைஸ்ட்சர்ச்சில், பிரிட்டிஷ் – ஐரிஷ் லயன்ஸ் அணித் தலைவர் பிரையன் ஓ'டிரிஸ்கலை ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே நியூசிலாந்து வீரர்கள் இருவர் தூக்கிப் போட்டார்கள். தோள் மூட்டு விலகியது, சுற்றுப்பயணம் முடிந்தது. தூக்கியவர்களுக்குத் தண்டனை எதுவும் இல்லை. 2011 உலகக் கோப்பை அரையிறுதியில், வேல்ஸ் அணித் தலைவர் சாம் வார்பர்டன் பிரான்சின் வின்சென்ட் கிளேரைத் தூக்கி விட்டார். கிளேருக்குப் பெரிய காயம் இல்லை. ஆனால் நடுவர் அலன் ரோலண்ட் உடனே சிவப்பு அட்டை காட்டினார். பதினெட்டாவது நிமிடத்திலிருந்து பதினாலு பேரோடு ஆடிய வேல்ஸ் 8–9 என்று ஒரே ஒரு புள்ளியில் தோற்றது. வார்பர்டனுக்கு மூன்று வாரத் தடையும் கிடைத்தது.

ரோலண்டின் தந்தை பிரெஞ்சுக்காரர் என்பதால் வேல்ஸ் ரசிகர்கள் என்னென்னவோ பேசினார்கள். பாரிசில் இருக்கும் என் தங்கை மகன்கூட அன்று தொலைபேசியில், "நமக்கு அதிர்ஷ்டம், ஆனா பாவம் அந்த ஆளு" என்றான். ஆனால் அந்த நடுவர் செய்தது என்ன? விழுந்தவர் எப்படி இருக்கிறார் என்று பார்த்து அட்டை எடுக்கவில்லை. தூக்கியவர் என்ன செய்தார் என்பதை மட்டும் பார்த்தார். அந்த முடிவு சரி என்று வார்பர்டனே பிற்பாடு ஒப்புக்கொண்டார்.

தண்டனை சமமாக இருப்பதற்கு இன்னொரு தடையும் உண்டு. ஓர் ஆட்டமும் இன்னோர் ஆட்டமும் ஒன்றல்ல. 2008இல் மெல்பர்ன் அணித் தலைவர் கேமரன் ஸ்மித், எதிரியின் கழுத்தை வளைத்துப் பிடித்ததற்காக இரண்டு ஆட்டத் தடை வாங்கினார். இரண்டாவது ஆட்டம் இறுதிப் போட்டி. அவர் இல்லாத மெல்பர்ன் 40–0 என்று தோற்றது. அதே இரண்டு ஆட்டம் சீசன் நடுவில் வந்திருந்தால் யாரும் நினைவில்கூட வைத்திருக்க மாட்டார்கள். 2018இல் அதே அணியின் பில்லி ஸ்லேட்டர், தோளால் இடித்த குற்றச்சாட்டோடு மன்றத்துக்குப் போனார். அடுத்தது இறுதிப் போட்டி, அவருடைய கடைசி ஆட்டமும் அதுதான். ஒப்புக்கொண்டால் ஆட முடியாது. எதிர்த்து வாதாடினார், குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தது, ஆடினார். அணி தோற்றது வேறு விஷயம். அன்றைக்குச் சரியான தீர்ப்பா, பெரிய ஆளுக்குச் சலுகையா என்று ஊரே இரண்டுபட்டது. காகிதத்தில் 'ஒன்று' என்று எழுதுகிறோம். வாங்குகிறவன் தலையில் அது ஒரு நாள் இறகு, ஒரு நாள் பாறாங்கல்.

நம் பக்கத்துக் கதை ஒன்று. மனுநீதிச் சோழனை அறியாதவர் யார்? இளவரசனின் தேர்க்காலில் கன்று சிக்கி இறந்தது. பசு மணியை அடித்தது. அரசன் மகனையே தேர்க்காலில் இட்டான். சிறுவயதில் இந்தக் கதையைக் கேட்டு மெய்சிலிர்த்திருக்கிறேன். இப்போது கிழவனான பிறகு வேறொரு கேள்வி வருகிறது. அந்தக் கன்று ஒரு சாண் தள்ளி ஓடித் தப்பியிருந்தால்? அதே தேர், அதே வீதி, அதே வேகம். மணி அடித்திருக்காது. "தம்பி, கொஞ்சம் பார்த்து ஓட்டு" என்றுகூட யாரும் இளவரசனிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த வீதியில் அதற்கு முன் தப்பிய கன்றுகள் எத்தனையோ!

மெக்கின்னனுக்கு முன்பும் அப்படித்தான். காலைத் தூக்கும் டாக்கிள் வாரா வாரம் நடந்தது, விழுந்தவர்கள் எழுந்தார்கள், மணி அடிக்கவில்லை. ஒருவர் எழாதபோது எல்லாருடைய கோபமும் ஒரே பையன் தலையில் விழுந்தது. மகள் சொன்னதும் சரி, மாப்பிள்ளை சொன்னதும் சரி. ஏழு ஆட்டம் அந்தக் காயத்துக்கு ஈடே ஆகாது. அந்தச் செயலை மட்டும் பார்த்தால், அதேபோலச் செய்துவிட்டு வீட்டுக்குப் போன மற்றவர்களுக்கு ஏன் ஏழு இல்லை என்ற கேள்விக்குப் பதில் கிடையாது. ஒரே எண்ணை வைத்து இரண்டு கணக்கைத் தீர்க்கப் பார்த்தார்கள். இரண்டுமே தீரவில்லை.

இனி, நான் மோர் ஊற்றிக்கொண்டு சும்மா இருந்த காரணம்.

பணியில் இருந்த காலத்தில், பெயர் வேண்டாம், ஒரு அலுவலகத்தில் ஒழுங்கு நடவடிக்கைக் கோப்புகள் என் மேஜையில் இருந்தன. ஒரே வருடத்தில் இரண்டு எல்.டி.சி.க்கள் ஒரே தவறைச் செய்தார்கள். பழைய பதிவேட்டைப் பார்க்காமல், ஏற்கெனவே கொடுத்த பில்லுக்கு மறுபடி பணம் கொடுக்கக் குறிப்பு வைத்தார்கள். முதலாமவருடைய பில்லை அடுத்த மேஜையில் யாரோ தற்செயலாகப் பார்த்து நிறுத்திவிட்டார்கள். நஷ்டமில்லை. இரண்டாமவருடைய பில்லை யாரும் பார்க்கவில்லை. பணம் போய்விட்டது, வாங்கியவரைத் தேடியும் கிடைக்கவில்லை.

மத்திய அரசு ஊழியர் நடத்தை நடவடிக்கைக்கு 1965ஆம் ஆண்டு விதிகள் உண்டு, எங்களுக்கும் அவைதான். ஒரு வேடிக்கை: அந்த விதிப்படி சஸ்பென்ஷன் தண்டனையே அல்ல, விசாரணை முடியும்வரை ஒதுக்கி வைப்பது. ரக்பியில் சஸ்பென்ஷன்தான் தண்டனை. இன்னொன்று வேடிக்கையல்ல, ஞானம். 11ஆவது விதியில், கவனக்குறைவால் வந்த நஷ்டத்தைச் சம்பளத்தில் பிடிப்பது ஒரு தண்டனை. ஊதிய உயர்வை நிறுத்துவது தனியே வேறொரு தண்டனை. ஒன்று போன பணத்துக்கு, மற்றது செய்த தவறுக்கு. விதி எழுதியவர்கள் இரண்டையும் பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

நான் பிரிக்கவில்லை. முதலாமவர் கோப்பில், "நஷ்டம் ஏதும் ஏற்படாததால் மேல் நடவடிக்கை தேவையில்லை" என்று குறிப்பு வைத்தேன். இரண்டாமவர் கோப்பில் பணத்தையும் பிடித்து, ஊதிய உயர்வையும் நிறுத்தலாம் என்று வைத்தேன். மேலே இருந்தவர்கள் இரண்டிலும் கையெழுத்துப் போட்டார்கள். 'இதே தவறு இந்த வருடமே இன்னொரு கோப்பில் உள்ளது, அங்கே நடவடிக்கை இல்லை' என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். எனக்குத் தெரியும். இரண்டு கோப்பும் என் மேஜையில்தானே இருந்தன. எழுதவில்லை. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. முதலாமவர் பதவி உயர்வு வாங்கிப் பெரிய ஆளாக ஓய்வு பெற்றார். இரண்டாமவருக்குப் பதவி உயர்வு தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது.

அவர் இன்றைக்கும் கடற்கரைச் சாலையில் காலை நடையில் எதிரே வருவார். "வணக்கம்ண்ணே, நல்லா இருக்கீங்களா?" என்பார். அந்தக் குறிப்பை வைத்தது நான்தான் என்று அவருக்குத் தெரியுமா என்று நான் கேட்டதில்லை.

அதனால்தான் அன்று மேஜையில் வாயைத் திறக்கவில்லை. இப்போது யாராவது கேட்டால் சொல்வேன். காலைத் தூக்குகிறவன் யாராக இருந்தாலும், விழுந்தவன் எழுந்தாலும் எழாவிட்டாலும், ஒரே தடை கொடுங்கள். அது பெரிய தடையாகவே இருக்கட்டும், யாரும் எழாமல் போகும் நாளுக்கு முன்பே கொடுங்கள். காயத்தின் கணக்கு தனி. அதை ஆட்டத்தை நடத்துகிறவர்களும் பார்த்துக் கைதட்டுகிறவர்களும் சேர்ந்து தீர்க்க வேண்டும். 2014 ஜூலையில் ஒரு சுற்று ஆட்டங்கள் முழுவதையும் மெக்கின்னனுக்கு நிதி திரட்ட ஒதுக்கினார்கள். அவருக்கு வாழ்நாள் முழுக்க வேலை என்றும் உறுதி கொடுத்தார்கள். ஏழு ஆட்டத் தடையைவிட அதுதான் அவருக்குப் பயன்பட்டிருக்கும். மெக்லீனும் திரும்பி வந்து ஆடினார். 2017இல் மெல்பர்ன் கோப்பை வென்றபோது அணியில் இருந்தார், அதே வருடம் ஆஸ்திரேலியாவுக்கும் ஆடினார். அது தவறில்லை. தடை முடிந்தால் முடிந்ததுதான்.

என் கோப்பில்தான் அப்படி முடியவில்லை. நாளைக் காலையும் நடக்கப் போவேன். அவர் வந்தால் இந்தத் தடவை நான் முதலில் வணக்கம் சொல்லி, சிமெண்ட் பெஞ்சில் உட்காரவைத்து, அந்த இரண்டு கோப்புகளைப் பற்றிச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.